கணினித் தமிழ் கேள்வி-பதில்: சாய்கோடு வேண்டாம்

கேள்வி: வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து கொடுக்கும் செயலி ஒன்றுக்குத் தமிழ்ப் பக்கங்களை எழுதும் வேலை எனக்கு. மூலத்தில் ஆண், பெண் என்று தெரியாதபடி எழுதியிருக்கிறார்கள். தமிழிலோ வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘வந்துவிட்டான்/ள்’, ‘அவனது/அவளது’ என்று சாய்கோடு போடச் சொல்கிறார் மேலாளர். ஐசி (அடையாள அட்டை) எண்ணிலேயே ஆணா பெண்ணா என்று தெரியும், அதை வைத்து வாக்கியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகி, கிள்ளான்

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி.

முதலில் சாய்கோடு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். வெள்ளைக்கோலோடு நடப்பவர்கள் கைப்பேசியைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே போவார்கள். திரையில் இருப்பதை மென்பொருள் அவர்களுக்கு வாசித்துச் சொல்கிறது. ‘வந்துவிட்டான்/ள்’ என்பதை அது எப்படி வாசிக்கும்? ‘வந்துவிட்டான்’ என்று சொல்லிவிட்டு, ஒட்டாமல் ஒரு ‘ள்’ளை உச்சரிக்கும். கண்ணால் படிப்பவருக்கும் அது தடுமாற்றம்தான். அதோடு, எப்போதும் ஆண்பால் முழுச்சொல்லாக முன்னே நிற்க, பெண்பால் ஓர் ஒற்றெழுத்தாக வாலில் தொங்குகிறது. சமமாக நடத்த வேண்டும் என்று தொடங்கியது இங்கே வந்து முடிகிறது.

அடுத்தது ஐசி. மைகார்டு எனும் அந்த அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அது போதாதென்று நம் பெயர்களில் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) வேறு இருக்கின்றன. ஆகவே, இந்த நாட்டில் ஒரு மென்பொருள் இதைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். ஆனால், தெரிந்துகொள்ள முடிகிறது என்பதற்காக ஒவ்வொரு வரியிலும் அதைச் சொல்லிக் காட்ட வேண்டுமா? இரவு பத்து மணிக்கு ஓர் அடுக்குமாடி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர் பெண் என்பதை முன்கூட்டியே அறிவிப்பதால் யாருக்கு நன்மை? கடப்பிதழோடு இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களிடம் மைகார்டே கிடையாது. அப்போது உங்கள் கணக்கு என்ன செய்யும்?

தமிழில் இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஐந்து பால்களில் பலர்பால் ஒன்று இருக்கிறதே, அதை ஒருவருக்கே மரியாதையாகச் சொல்வது நம் வழக்கம். தொல்காப்பியர் காலத்திலேயே அந்த வழக்கம் இருந்தது. இலக்கணப்படி சரியில்லை, ஆனாலும் மக்கள் உயர்வு கருதி அப்படிப் பேசுகிறார்கள் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். ‘ஓட்டுநர் வந்துவிட்டார்’. முடிந்தது வேலை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் மேலாளருக்கு ‘ஆர்’ தானாக வருகிறது. பொட்டலம் கொண்டு வருகிறவருக்கும் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் ‘ஆன்’, ‘ஆள்’ என்று எழுத யாரும் தயங்குவதில்லை. உங்கள் செயலி எல்லோருக்கும் ‘ஆர்’ போட்டால் அந்த அநியாயமும் சேர்ந்தே ஒழியும். எனக்கு அது பால்பொதுமையைவிடப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

‘அவனது/அவளது’ தொல்லை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஒருவர் ஆணா பெண்ணா என்று குறிப்பிடாவிட்டால் ஃபேஸ்புக் ஆங்கிலத்தில் ‘அவர்கள்’ என்ற பன்மைச் சொல்லைப் போட்டுச் சமாளித்து வந்தது. மற்ற மொழிகளுக்குப் பெயர்த்தபோது வாக்கியங்கள் குழம்பின. 2008-இல் பயனர்களிடமே ‘அவனா, அவளா’ என்று கேட்க முடிவெடுத்தது. தமிழில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ‘கவிதா தம் படத்தை மாற்றியுள்ளார்’, ‘முருகன் தம் படத்தை மாற்றியுள்ளார்’. தாம், தம் என்பவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘தன்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘ஆர்’ விகுதியோடு ‘தம்’ சேர்வதே முறை. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால்தான் ‘அவனது’வும் ‘அவளது’வும் வந்து நிற்கின்றன.

பெயரெச்சம் இன்னும் வசதி. ‘கவிதா அனுப்பிய படம்’, ‘நேற்று சேர்ந்த உறுப்பினர்’ என்னும்போது ‘அனுப்பிய’, ‘சேர்ந்த’ இரண்டிலும் பால் இல்லை. முன்னிலையில் நமக்குச் சிக்கலே கிடையாது. பிரெஞ்சு போன்ற மொழிகளில் ‘நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லக்கூட எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். அதற்காகவே 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல் தனி ஏற்பாடு செய்தார்கள். நமக்கு ‘நீங்கள்’ போதும்.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் அலுவலகத்தில் மலாய்ப் பதிப்பு இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மலாயின் ‘டியா’வுக்கு ஆண் பெண் பேதமில்லை. ‘டியா’ என்றோ ‘பெலியாவ்’ என்றோ பார்த்த கையோடு ‘அவர்’ என்று எழுத வரும். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதும்போது வரும் தடுமாற்றம் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பள்ளிச் செயலியில் ‘மாணவர்’ என்றே எழுதுகிறோம். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், ‘என் மகளை மாணவர் என்கிறீர்களே’ என்று கேட்கிறார்கள். ‘வந்தார்’ என்பதும் ஏழு வயதுக் குழந்தைக்குப் பொருந்தவில்லை.
– ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பெற்றோர் கேட்பது நியாயம். ‘ஓட்டுநர்’, ‘உறுப்பினர்’, ‘மருத்துவர்’ ஆகியவற்றுக்குப் பெண்பால் இணை வழக்கில் இல்லை. அதனால் அவை உண்மையிலேயே பொதுவாக நிற்கின்றன. ‘மாணவி’ என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால் ‘மாணவர்’ பையன்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இலக்கணம் பொது என்று சொன்னாலும் காதில் அப்படி விழுவதில்லை.

நாம் வீட்டில் பேசும் ‘பிள்ளை’ இருக்கிறதே! ‘உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்று எழுதிப் பாருங்கள், பால் எங்கேயும் இல்லை. ‘இல்லை’ என்பது ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. பிள்ளை வந்துவிட்டதைச் சொல்ல, ‘உங்கள் பிள்ளையின் வருகை பதிவாகிவிட்டது’. குழந்தைக்கு ‘ஆர்’ போட்டு அந்நியமாக்கவும் வேண்டாம், ‘ஆன்’, ‘ஆள்’ என்று பிரிக்கவும் வேண்டாம். அப்படியே உங்கள் பதிவுப் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்ற ஒரே கட்டம் இருந்தால் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்று மாற்றிவிடுங்கள். தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள்.

கேள்வி: பொத்தான்களில் ‘சேமி’ என்று எழுதுவதா, ‘சேமிக்கவும்’ என்று எழுதுவதா? ‘சேமி’ மரியாதைக் குறைவு என்கிறார்கள்.
– வாசகர், ஷா ஆலம்

பதில்: பொத்தானை அழுத்துகிறவர் கணினிக்குக் கட்டளை இடுகிறார். கணினிக்கு ‘சேமி’ போதும். கணினி மனிதரைக் கேட்கும் இடத்தில் ‘பெயரை எழுதுக’ அல்லது ‘எழுதுங்கள்’. ‘எழுதுக’ என்ற வியங்கோளும் எல்லாப் பாலுக்கும் பொதுவானதே.

கேள்வி: எங்கள் பதிவுப் படிவத்தில் ஆண், பெண், மற்றவை என்று மூன்று தெரிவுகள் வைத்திருக்கிறோம். மூன்றாவதற்கு வேறு சொல் உண்டா?
– நிரலாளர், கோலாலம்பூர்

பதில்: உண்டு, அவசியம் மாற்றுங்கள். ‘மற்றவை’ பலவின்பால். மேசை நாற்காலிக்குச் சொல்வது. ஒரு மனிதர் தம் பெயரை எழுதி, ஐசி எண்ணை எழுதி, அடுத்த கட்டத்தில் தம்மை அஃறிணை என்று குறித்துவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அகராதியைப் பார்த்துப் போட்டிருப்பார். ஆனால் படிப்பவருக்கு வலிக்கும்.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. திருநங்கை, திருநம்பி இரண்டும் வழக்கில் வேரூன்றிவிட்டன. தமிழ்நாட்டில், 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, இத்தகைய மக்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலை 2022-இல் அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. உங்கள் படிவத்துக்கு ‘பிற பாலினம்’ என்பது எளிதாக இருக்கும். ‘சொல்ல விரும்பவில்லை’ என்று நான்காவது தெரிவும் வையுங்கள்.

அதற்கு முன் இந்தக் கேள்வி படிவத்துக்கு வேண்டுமா என்று பாருங்கள். மகப்பேற்று மருத்துவமனைக்கு வேண்டும், ஆடை அளவு எடுக்கும் கடைக்கு வேண்டும். மின்கட்டணம் செலுத்தவும் கோயில் அர்ச்சனைக்குப் பதியவும் எதற்கு?

முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய தமிழ் உள்ளீட்டு மென்பொருள்களை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இதே கோலாலம்பூரில்தான். தமிழைத் திரைக்குக் கொண்டுவர உழைத்தவர்களின் ஊரில் இருந்துகொண்டு, திரையில் ஒரு மனிதரை ‘மற்றவை’ என்று நாம் எழுதக் கூடாது. உங்கள் செயலியின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்காமல், இந்த ஒரு சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.