இடமும் மிச்சம், பொருளும் பத்திரம்

நம் நெய்வேலி நகரியத்தில் வட்டம், தெரு, வீட்டு எண் ஆகிய மூன்றும் தெரிந்தால் எந்த வீட்டையும் கண்டுபிடித்துவிடலாம். இந்த முகவரி முறையே கணிப்பொறியில் சேமித்தவற்றைக் காக்கவும் உதவுகிறது என்றால் வியப்பாக இல்லையா, தோழியரே?

அலுவலகக் கோப்புகள் கெட்டுவிட்டால் மீட்பதற்காக, நாள்தோறும் அவற்றை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைப்பார்கள். 100 ஜிபி அளவுள்ள கோப்புகளைப் பத்து நாள் முழுமையாக நகலெடுத்தால் 1,000 ஜிபி இடம் வேண்டும். ஆனால் நாளொன்றுக்குப் புதிதாக மாறுவது 2 ஜிபி மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதி வைப்பதுதானே!

ஆகவே கோப்புகளைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அதே எண்ணுள்ள துண்டு முன்பே இருந்தால் மீண்டும் எழுதுவதில்லை. அது இருக்குமிடத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். இப்போது ஏறக்குறைய 118 ஜிபி போதும். இம்முறைக்கு 'டிடூப்ளிகேஷன்' என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 2002-இல் அறிமுகப்படுத்திய 'வென்டி' இவ்வகையைச் சேர்ந்ததே.

இதை நிர்வகிப்போர் இரண்டு செய்திகளை மறக்கலாகாது.

முதலாவது, பழைய நகலை அழித்தவுடன் இடம் காலியாகிவிடாது. அதிலுள்ள துண்டுகளை மற்ற நாட்களின் நகல்களும் நம்பியிருக்கலாம். எந்த நகலுக்கும் தேவைப்படாத துண்டுகளைத் தேடி நீக்கும் துப்புரவு வேலை முடிந்த பின்னரே இடம் கிடைக்கும். எனவே டிஸ்க் நிரம்பி வழியும்வரை காத்திருத்தல் தவறு.

இரண்டாவது, ஒரு துண்டு பழுதானால் அதை நம்பிய நகல்கள் அனைத்தும் பழுதாகும். பெயருக்குப் பத்து நகல்கள். உண்மையில் இருப்பதோ ஒன்றே!

ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை வரலாறும் நமக்குக் காட்டியிருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சான நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களில் பிரதிகள் இருந்தன. வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகளோ மீளவே இல்லை.

ஆகவே டிஸ்க்கில் உள்ளதற்கு இன்னொரு பிரதியை வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும். அவ்வப்போது அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும்.

நம் வீட்டு நிழற்படங்களுக்கும் இதே விதிதான். ஒரே செல்பேசியில் ஒரு படத்தைப் பத்து முறை சேமிப்பது காப்பு ஆகாது. ஒரு முறை சேமித்து, மற்றொன்றை வேறிடத்தில் வைப்போம். இன்றே பெற்றோருடன் அமர்ந்து இதைச் செய்வோமா?