லித்தியம் விலையும் தூய்மையும்

கேள்வி: லித்தியம் விலை விழுந்துவிட்டதாம். எங்கள் விடுதிக்கு மலிவான சோலர் பற்றரி ஒன்று வாங்கினால் போதாதா?
– ஒரு வாசகி, பாசிக்குடா

பதில்: விழுந்தது உண்மைதான். 2022 இறுதியில் சீனாவில் பற்றரியின் மூலப்பொருளான லித்தியம் காபனேற்று தொன் ஒன்று ஏறக்குறைய 6 இலட்சம் யுவானைத் தொட்டது. அடுத்த ஆண்டு முடிவில் சுமார் ஒரு இலட்சம்தான். விலை ஏறும்போது எல்லோரும் சுரங்கம் தோண்டுகிறார்கள். சரக்கு வந்துசேரச் சில வருடங்கள் செல்லும், வந்தால் சேர்ந்தே வந்து குவியும். நம் இலங்கையின் காரீயமும் (கிராபைட்) முதலாம் உலகப் போரில் உச்சத்துக்குப் போய், போர் முடிந்ததும் சரிந்த பண்டம்தான்.

ஆனால் விலை இறங்கியதற்காக அந்த மூலப்பொருளின் தூய்மையில் விட்டுக்கொடுக்க முடியாது. பற்றரித் தரம் என்றால் வழக்கமாக 99.5 சதவீதம். மீதி அரை சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை. கண்ணுக்குத் தெரியாத ஓர் இரும்புத் துகள் உள்ளே போனால், நேர்முனையில் கரைந்து எதிர்முனையில் படிந்து, ஊசிபோல வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய படலத்தைத் துளைக்கும். பிறகு குறுஞ்சுற்று, சூடு, சிலவேளை தீ.

இதை நீங்கள் வீட்டில் சோதிக்க முடியாது, அம்மா. அதனால் பெட்டியின் பெயரை விட்டு, உள்ளேயிருக்கும் கலத்தை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். ஐஇசி 62619 பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். கடற்கரை உப்புக்காற்று முனைகளை அரிக்கும். அது நேரே படாத, ஆனால் காற்றோட்டமுள்ள அறையில் பற்றரியை வையுங்கள்.