ஆழ்கடலில் ஒரு துணைவர்

முன்னுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவார் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். மருத்துவர் இல்லாத இடத்தில், உதவுவாரே மருத்துவராகவும் நிற்க நேர்ந்தால் என் செய்வது? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் வினா இது. அதற்கு அக்கடற்படை கண்ட விடையை இக்கட்டுரையில் காண்போம்.

ஸீடிராகன் நிகழ்ச்சி

1942 செப்டம்பர் 11 அன்று தென்சீனக் கடலில் 'ஸீடிராகன்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் பகைவர் நடமாடும் நீர்ப்பரப்பில் இருந்தது. டேரல் ரெக்டர் என்னும் 19 வயது மாலுமிக்குக் கடுமையான வயிற்றுவலி கண்டது. குடல்வால் அழற்சி எனக் கணித்தார் கப்பலின் மருத்துவ உதவியாளர் வீலர் லைப்ஸ். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மருத்துவமனைகளில் அறுவைகளின்போது உடனிருந்து உதவியவர் மட்டுமே. கரைக்குச் செல்லவும் வழியில்லை. நோயாளியின் இசைவும் கப்பல் தலைவரின் ஆணையும் பெற்று அறுவைக்குத் துணிந்தார்.

கப்பல் ஏறத்தாழ 120 அடி ஆழத்தில் நிலைநிறுத்தப்பட்டது. அதிகாரிகளின் உணவு மேசையே அறுவை மேசையாயிற்று. வளைக்கப்பட்ட உணவுக் கரண்டிகள் காயத்தை விரித்துப் பிடித்தன. தேநீர் வடிகட்டி ஈதர் மயக்கமருந்து செலுத்தும் முகமூடியாயிற்று. டார்பீடோவுக்குரிய சாராயம் கிருமி நீக்கப் பயன்பட்டது. இரண்டரை மணி நேர அளவில் அறுவை முடிந்தது. ரெக்டர் பிழைத்தார், சில நாள்களில் பணிக்கும் திரும்பினார்.

இச்செய்தியை எழுதிய ஜார்ஜ் வெல்லர் 1943இல் புலிட்சர் பரிசு பெற்றார். லைப்ஸுக்கோ கடற்படையின் பாராட்டுப் பதக்கம் 2005இல்தான் கிட்டியது. ரெக்டர் 1944இல் 'டாங்' நீர்மூழ்கியில் உயிர்நீத்தார். அக்கப்பல் ஏவிய டார்பீடோவே வளைந்து திரும்பி அதனைத் தாக்கியது.

புகழும் கண்டனமும்

நாளிதழ்கள் லைப்ஸைப் போற்றின. ஆயினும் கடற்படை மருத்துவத் தலைமை இச்செயலை முழுமனத்துடன் வரவேற்கவில்லை. ஒருவரது வெற்றியைக் கண்டு, போதிய பயிற்சியில்லாப் பிறரும் கத்தியை எடுப்பரோ என்னும் அச்சமே காரணம். அவ்வச்சத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. லைப்ஸ் அன்று வாளாவிருந்திருப்பின் ஓர் இளைஞன் மடிந்திருக்கலாம். அவரைப் பின்பற்றுவோர் அனைவரும் துணிந்திருப்பின் பலர் மடிந்திருக்கலாம். இரண்டும் உண்மையே. பின்னர், கூடுமானவரை அறுவையைத் தவிர்த்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் நோயைத் தணித்து, வாய்ப்பு நேரும்போது நோயாளியைக் கரை சேர்க்கும் முறையே வலுப்பெற்றது.

இன்றைய பயிற்சி

இன்று இப்பணிக்குரியோர் கனெக்டிகட் மாநிலத்துக் குரோட்டனிலுள்ள கடற்படை ஆழ்கடல் மருத்துவக் கழகத்தில் ஓராண்டளவு பயில்கின்றனர். இவர்கள் அதிகாரிகள் அல்லர்; படைவீரர் நிலையினர். நோய்க் கணிப்பு, மருந்தியல், காயச் சிகிச்சை, பல்வலிக்கு முதலுதவி, ஆய்வுக்கூடச் சோதனை ஆகியன பாடங்களாகும். உணவு, குடிநீர் ஆகியவற்றின் தூய்மையைச் சோதிப்பதும் இவர்தம் கடனே. அணுவிசைக் கப்பலாதலின் கதிரியக்கப் பாதுகாப்பும் இன்றியமையாப் பாடம்.

நீரை மின்னாற்பகுத்து உயிர்வளி பெறுவதும், கரியமில வாயுவை வேதிப்பொருளால் உறிஞ்சி நீக்குவதும் கப்பலின் அன்றாடச் செயல்கள். எனவே பலருக்கு ஒருசேரத் தலைவலி கண்டால், அது நோயா, காற்றின் கேடா எனவும் உதவியாளர் எண்ண வேண்டும்.

நூற்றுக்கு மேற்பட்டோர் வாழும் கப்பலில் இவர் ஒருவரே மருத்துவப் பொறுப்பாளர். கரையில் மருத்துவர் ஒருவர் இவர்தம் பணியை மேற்பார்வையிடுவார். ஆனால் மறைந்து செல்லும் கப்பல், நினைத்தபோதெல்லாம் வானொலியில் வினவ இயலாது. செய்தி அனுப்பினால் இருப்பிடம் வெளிப்படக்கூடும். ஒருவனுக்காகப் பயணத்தை முறிப்பதா என்று முடிவெடுப்பவர் கப்பல் தலைவர். எனினும் அம்முடிவு உதவியாளரின் கணிப்பையே சார்ந்து நிற்கும்.

முடிவுரை

இப்பயிற்சியின் உயிர்நாடி இரண்டு எனலாம்: தனித்து நின்று செயலாற்றும் துணிவு; தன் அறிவின் எல்லையை உணரும் அடக்கம். துணிவு மட்டும் இருப்பின் கத்தி தவறும். அடக்கம் மட்டும் இருப்பின் காலம் தவறும். கல்வி என்பது எதனைச் செய்யலாம் என்பதோடு எதனைச் செய்யலாகாது என்பதையும் கற்பதேயாம். எத்துறையிற் பயிலும் மாணவர்க்கும் இது பொருந்தும் என்பது நம் துணிபு.