ஆயிரம் கெஜத்தில் குண்டு எங்கே பட்டது?

நியூ மெக்ஸிகோவின் விட்டிங்டன் சென்டர் போன்ற அமெரிக்க ரேஞ்சுகளில் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தூரத்துக்குச் சுடலாம். .308 குண்டு காகிதத்தில் போடும் ஓட்டை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வெயில் ஏறிக் கானல் அலையடித்தால் விலை உயர்ந்த தொலைநோக்கியிலும் அது தெரியாது. அதனால்தான் இலக்கருகே வயர்லெஸ் கேமரா வைத்து, படத்தைப் போனில் பார்க்கிறார்கள்.

கேமராவை இலக்குக்குச் சில அடி முன்னால், பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். எந்தக் குண்டின் பாதையிலும் அது இருக்கக் கூடாது. இரும்பு இலக்கு என்றால் சிதறும் ஈயத் துணுக்குகள் லென்ஸை உடைத்துவிடும். காகித இலக்கே நல்லது.

சிக்னல் அறுந்தால் பலரும் கேமராவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு ஆண்டெனாவில்தான். தரையோடு ஒட்டி வைத்தால் புல்லும் மண்மேடும் அலைகளை மறிக்கும். கேமரா பக்கம், சுடுபவர் பக்கம் என இரு முனை ஆண்டெனாக்களையும் முக்காலியில் ஏற்றி, ஒரே மாதிரி செங்குத்தாக நிறுத்துங்கள். நடுவில் மரமோ மேடோ கூடாது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாகவே இணைப்பை மாற்றிக்கொள்ளும்.

பழைய ஓட்டைகளை ஸ்டிக்கரால் மூடிவிட்டுத் தொடங்கினால் புதியது பளிச்சென்று தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் அவசியம்.

கேமராவை வைக்கவோ எடுக்கவோ போகும் முன், ரேஞ்ச் அதிகாரி சுடுவதை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிகளும் போல்ட் திறந்து, காலியாக இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.