சம்பாவுக்கும் ஒரு காலம் உண்டு

(வேதபாடம்: முப்பது வயதைத் தாண்டிய சகோதரிகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்)

தியான பகுதி: ஆதியாகமம் 29-ம் அதிகாரம், ரூத் 2 முதல் 4 வரை



சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பினபின், ஒரு சகோதரி மட்டும் பாயைச் சுருட்டுவதுபோல நின்றுகொண்டிருந்தாள். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். வயது 36. தகப்பனார் இல்லை. டவுனில் ஜவுளிக்கடை வேலை. அந்தச் சம்பளத்தில்தான் தம்பிகள் இரண்டு பேரும் படித்து, கலியாணமும் முடித்தார்கள். அருகில் போய் உட்கார்ந்தேன்.

"பாஸ்டரம்மா, ஒருத்தர் என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றாரு. எட்டு மாசமா போன்ல பேசுறோம். ஆனா வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா மட்டும், இப்ப வேணாம் அப்புறம் பாக்கலாம்ங்கறாரு. நான் என்ன பண்றது?"

சற்று நேரம் கழித்து, தலையைக் குனிந்தபடி இன்னொன்றையும் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பிட்டியான்னு என்னைக் கேட்ட முதல் ஆள் அவருதான்."

அந்த வார்த்தை என்னைக் குத்தினது. பதினைந்து வருஷமாக நம் சபையில் வந்து உட்காருகிற பிள்ளை. கலியாணம் எப்போ என்று அவளைக் கேட்காதவர்கள் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்தான் இல்லை. அந்தச் சகோதரிக்காக நான் வேதத்தில் தேடினதைத்தான் இந்த மாதப் பாடமாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. அன்பைத் தேடுவது பாவமா?

"ஆண்டவர் இருக்கும்போது உனக்கு வேறென்ன அன்பு வேணும்?" என்று சிலர் அதட்டுகிறார்கள். அப்படிச் சொல்லுகிற பலர் மாலையில் வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க ஒரு ஆள் இருக்கிறது! ஏதேன் தோட்டத்தில் பாவம் வருவதற்கு முன்பே, மனுஷன் தனியாயிருப்பது நல்லதல்ல என்று தேவன் கண்டார். அப்படியானால் துணையை விரும்புகிற விருப்பம் பாவத்தினால் வந்ததல்ல, படைப்பிலேயே வைக்கப்பட்டது. அதற்காக எந்தச் சகோதரியும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் தேடுகிற இடம் முக்கியம். லேயாளைப் பாருங்கள். அவளுக்குக் கலியாணம் ஆகிவிட்டது, வீடு இருந்தது, ஆனால் அன்பு இல்லை. முதல் பிள்ளை பிறந்தபோது இனி புருஷன் நேசிப்பான் என்று நினைத்தாள். இரண்டாவது பிள்ளைக்கும் அதே ஏக்கம், மூன்றாவதுக்கும் அதே எதிர்பார்ப்பு. நான்காவது பிள்ளை பிறந்தபோதுதான் புருஷனைப்பற்றிய பேச்சு நின்று, அவள் வாயில் துதி வந்தது. அந்தப் பிள்ளை யூதா. கலியாணம் ஆனால் ஏக்கம் தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். தாலி ஏறின கழுத்துக்குள்ளும் தனிமை உண்டு.

2. தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி

நம்முடைய மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரசர்களின் காலத்தில், அரண்மனை ஊழியர் ஒருவரின் விதவை, இளம் பிராமணப் பெண். கோகிலா என்பது அவளுடைய பெயர் என்று சொல்லப்படுகிறது. புருஷனுடைய சிதையிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவளைக் காப்பாற்றினார் என்பது பரம்பரையாக வரும் செய்தி. அந்த அதிகாரி லிட்டில்டன். அவர் அவளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார், கிறிஸ்தவ மார்க்கத்தையும் போதித்தார். அந்தக் காலத்து விதவைக்கு மனுஷியாக மதித்துப் பேச ஒரு ஆள் கிடைத்ததே பெரிய காரியம். கலியாணம் பண்ணிக்கொள்வதாகவும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அதை நிறைவேற்றவில்லை.

அவள் சுவார்ட்ஸ் ஐயரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டாள். கலியாணம் இல்லாமல் ஒரே வீட்டில் இருக்கிற நிலையில் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். வாக்கை நிறைவேற்றாதவர் அந்த ஆண், தண்டனை அனுபவித்தவள் அந்தப் பெண். இன்றைக்கும் நம் ஊர்களில் கணக்கு இப்படித்தானே எழுதப்படுகிறது?

பின்பு லிட்டில்டன் இறந்துபோனார். 1778-ம் வருஷம் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவள்தான் கிளாரிந்தா. அதோடு அவள் கதை முடிந்துபோயிருக்கலாம். முடியவில்லை. 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தார்கள். அதில் முதல் பெயர் அவளுடையது. அவளுடைய முயற்சியால் எழும்பின ஆலயத்தை 1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் என்ற உபதேசியார் அந்தச் சபைக்கு அனுப்பப்பட்டார். அவர் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். அந்த ஆலயத்தை இன்றும் ஜனங்கள் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே சொல்லுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் பெரிய சபை வரலாறு, கலியாண வாக்கில் ஏமாந்துபோன ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணின் பெயரோடுதான் ஆரம்பிக்கிறது!

3. இருட்டில் சொன்னதைப் பகலில் செய்தவன்

இப்போது ரூத்தைப் பாருங்கள். அவளும் விதவை, அயல்தேசத்தாள், கையில் காசில்லாதவள். வாற்கோதுமை அறுப்பின் ஆரம்பத்தில் பெத்லகேமுக்கு வந்தாள். நம் வயல்களில் அறுப்பு முடிந்ததும் உதிர்ந்த கதிரைப் பொறுக்கப் போகிற பெண்களைப்போலத்தான் அவளும் போனாள். வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. யார் பின்னாலும் ஓடவுமில்லை. போவாஸ் அவளை முதலில் கண்டது எங்கே? வேலை செய்கிற இடத்தில். அவன் முதலில் விசாரித்தது எதை? அவள் மாமியாருக்குச் செய்த நன்மையைக் கேள்விப்பட்டிருந்தான். அவளுக்குச் சாப்பாடு கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், வேலைக்காரர் தொந்தரவு செய்யாதபடி கட்டளையிட்டான்.

களத்தில் இராத்திரியிலே வாக்குக் கொடுத்தான். விடிந்ததும் என்ன செய்தான்? நேராக ஊர் வாசலுக்குப் போனான். பத்து மூப்பர்களை உட்காரவைத்தான். அவனைவிட நெருங்கின உறவுக்காரன் ஒருவன் இருந்தான். அதையும் மறைக்காமல், அவனையே கூப்பிட்டு எல்லார் முன்பாகவும் பேசி முடித்தான். அன்றைக்கே காரியம் முடிந்தது.

லிட்டில்டனும் அன்பு காட்டினார், போவாஸும் அன்பு காட்டினான். வித்தியாசம் எங்கே? ஒருவர் வாக்கு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது, மற்றவன் வாக்கு ஊர் வாசலுக்கு வந்தது. ஆகவே சகோதரியே, உன்னிடத்தில் ஒருவர் பேசினால் இவைகளைச் சோதித்துப் பார்:

• அவர் உன் வீட்டுக்கு, உன் பெரியவர்கள் முன்பாக வருவாரா? எந்தத் தேதியில்?
• அவர் ஊர், வேலை, குடும்பம் ஆகியவற்றை விசாரிக்க விடுகிறாரா? ஏற்கெனவே மனைவி உண்டா என்று நேரில் போய்க் கேட்கலாமா?
• கலியாணத்துக்கு முன்பே பணம், நகை, போட்டோ கேட்கிறாரா? கேட்டால் அங்கேயே நிறுத்து.
• யாருக்கும் தெரியாமல் மோதிரம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரா? 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி கலியாணத்துக்கு முன்னறிவிப்பு, சாட்சிகள், பதிவேட்டில் கையெழுத்து இவை உண்டு. இதற்கெல்லாம் பயப்படுகிறவர் எதையோ மறைக்கிறார்.

4. பெற்றோருக்கும் சபைக்கும் ஒரு வார்த்தை

குருவைக்கும் சம்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத விவசாயி நம் டெல்டாவில் உண்டா? ஏ.டி.டி. 43 சுமார் 110 நாளில் அறுப்புக்கு வரும். சி.ஆர். 1009 போட்டால் சுமார் 155 நாள் பொறுக்க வேண்டும். குருவை அறுத்த வயலைக் காட்டி, "நீ ஏன் இன்னும் பச்சையா நிக்கிறே?" என்று யாரும் சம்பாவைத் திட்டுவதில்லை. பிள்ளைகளை மட்டும் அப்படித் திட்டுகிறோம்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. காலம் வந்தும் வாய்க்காலை நாமே அடைத்துவைத்துக்கொண்டு, பயிர் விளையவில்லை என்று சொல்லக் கூடாது. அநேக வீடுகளில் மூன்று அடைப்புகளைப் பார்க்கிறேன்.

முதலாவது, சம்பளம். "அவ போயிட்டா வீட்டை யாரு பாக்கிறது?" வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் வருகிற வரனையெல்லாம் ஏதோ குறைசொல்லி அனுப்பிவிடுவார்கள். மகளின் உழைப்பைத் தின்றுகொண்டே மகளுக்காக ஜெபிக்கச் சொல்வது நியாயமா?

இரண்டாவது, வரதட்சணை. 1961-ம் வருஷத்துச் சட்டத்தின்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே" என்று சொல்லிவிட்டு எத்தனை பவுன் என்று கேட்பவர்கள் ஆராதனையில் கையைத் தட்டுவது யாருக்காக? இன்னொரு காரியமும் தெரிந்துகொள்ளுங்கள். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனுடைய சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கலியாணம் ஆகாத மகள் அண்ணன் தம்பி தயவில் மூலையில் கிடக்கிறவள் அல்ல, அந்த வீட்டின் பங்குக்காரி.

மூன்றாவது, ஜாதி. ரூத் மோவாபிய ஸ்திரீ. அவள் கொள்ளுப்பேரன் தாவீது ராஜா. இதைப் பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, வரன் வரும்போது மட்டும் "அவங்க என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கிறோம்.

சபையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டம் ஒன்றில் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர், இந்தச் சகோதரியைப் பார்த்து, "இந்த வருஷ முடிவுக்குள்ளே உனக்குக் கலியாணம்" என்று எல்லார் முன்பாகவும் சொல்லிவிட்டார். டிசம்பர் 31 இராத்திரி ஆராதனைக்கு அவள் வரவில்லை. வந்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்களே! தேவன் சொல்லாததைச் சொல்லி ஒரு பிள்ளையை ஆலயத்துக்கு வர வெட்கப்பட வைத்தோம். நாங்கள் அன்று எழுந்து அதைத் தடுக்கவில்லை. அதற்காக நானே அவளிடத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

5. கலியாணம் ஆகாமலே போனால்?

இதைச் சொல்லாமல் பாடத்தை முடித்தால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன். எல்லாருக்கும் போவாஸ் வருவதில்லை. கிளாரிந்தாவுக்கு மறுத்தும், பிறகு கொடுத்தும் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரே கலியாணம் செய்யாதவர். 1750-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1798-ல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை இங்கேயே இருந்தார். சரபோஜி மன்னர் அவரைத் தகப்பனைப்போல மதித்தார். சிவகங்கைப் பூங்கா பக்கத்து ஆலயத்தில் மன்னர் வைத்த சலவைக்கல் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். மரணப்படுக்கையில் இருக்கிறவரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை பெறாதவருக்கு மரண நேரத்தில் கைபிடிக்க ஒரு ராஜா இருந்தான்!

ஆனால் சகோதரர் தனியாக இருந்தால் தியாகம் என்கிறோம், சகோதரி தனியாக இருந்தால் குறை என்கிறோம். இதை மாற்றிக்கொள்வோம். அவளை ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோங்கள். உங்கள் பிள்ளைகள் அவளை உரிமையோடு அத்தை என்று கூப்பிடட்டும். அன்பு என்பது கலியாணம் ஆனவர்களுக்கு மட்டும் அளக்கிற படி அல்ல.

அந்தச் சகோதரி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வரச்சொல்லி அவருக்கு ஒரு தேதி கொடுத்தாள். அவர் வரவில்லை. அடுத்த வாரம் அந்த நம்பரும் போகவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். இப்போது தன் சம்பளத்தில் பாதியைத் தன் பெயரிலேயே போட்டுவைக்கிறாள். இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று இன்றும் ஜெபிக்கிறோம். ஒவ்வொரு வெள்ளியும் அவள் வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "சாப்பிட்டியாம்மா?"

சிந்திக்க:
1. லேயாள் தேடினதற்கும் ரூத் காத்திருந்ததற்கும் உள்ள வித்தியாசம் என்ன?
2. நம் வீட்டில் எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது?
3. நம் சபையில் தனியாயிருக்கிற ஒரு சகோதரிக்கு இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன்?

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் சகோதரிகளின் ஏக்கத்தை நீர் அறிவீர். பொய் வாக்குகளுக்கு அவர்களைத் தப்புவியும். வாசலுக்கு வருகிற உண்மையுள்ள துணையைத் தாரும். தராவிட்டாலும், எங்கள் நடுவில் ஒருத்தியும் தனிமையாய் உட்காராதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.