நம்பிக்கைகளும் உண்மைகளும்: கை தேர்ந்தவருக்கும் காசு கரைவது ஏன்?

நம்பிக்கை: ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனவே திறமை உள்ளவர் காசை இழக்க மாட்டார்.

இதில் முதல் பாதி உண்மை. செகந்திராபாத்தின் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் தொடர்பான வழக்கில், ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைக் கையில் வைப்பது, எதைக் கழிப்பது என்று கணக்குப் போட வேண்டும். இதுவே அதற்குச் சொன்ன காரணம். மூணு சீட்டை அதே தீர்ப்பு அதிர்ஷ்டத்தின் பக்கம் வைத்தது. ஆனால் நீதிபதிகள் முன் இருந்தது அங்கே நடந்தது குற்றமா என்ற கேள்விதான். ஆடுகிறவர் கையில் கடைசியில் காசு மிஞ்சுமா என்பது வழக்கிலேயே இல்லை. ஆட்டத்தை நடத்துகிறவர் அதிலிருந்து லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பின் முதல் பகுதியை மட்டும் காட்டி எடப்பாடி நெசவாளரையும் சங்ககிரி லாரி ஓட்டுநரையும் பணம் கட்டச் சொல்வது நியாயமாகாது.

நம்பிக்கை: ஆடப் பழகப் பழக வெற்றி கூடிக்கொண்டே போகும்.

திறமைக்குத் தனியாக ஓர் அளவு கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் திறமையோடு ஒப்பிட்டால்தான் அது வெற்றியாகும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாத் ஈலோ, சதுரங்க ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த ஒரு கணக்கு வகுத்தார். வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். பலசாலியை வென்றால் கூடுதலாக ஏறும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அதை ஏற்றது. இன்று ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா போன்ற சீட்டு சேர்க்கும் இணைய விளையாட்டுகளின் தரவரிசைப் போட்டிகளும் அதே நோக்கில், ஒத்த தரத்தவரையே எதிரெதிரே நிறுத்த முயல்கின்றன. இதனால் நீங்கள் தேறும்போது எதிராளியும் தேர்ந்தவராகவே வருவார். பெரும்பாலோரின் வெற்றி நூற்றுக்கு ஐம்பதைச் சுற்றியே நிற்கும். காசு வைத்து ஆடும் ரம்மியில் இந்த வேலையைப் பந்தயத் தொகையே செய்துவிடும். பத்து ரூபாய் மேசையில் ஜெயித்தவர் நூறு ரூபாய் மேசைக்கு ஏறுவார். அங்கே அவரைப் போலவே ஏறி வந்தவர்கள் காத்திருப்பார்கள். இருவர் திறமையும் சமமாகிவிட்டால், அந்த ஆட்டத்தை முடிவு செய்வது கைக்கு வரும் பதின்மூன்று சீட்டும் ஜோக்கரும்தான். திறமை நிறைந்த ஆட்டத்திலும் அதிர்ஷ்டம் இப்படித்தான் தலையெடுக்கிறது.

நம்பிக்கை: பாதி ஆட்டம் ஜெயித்தால் போட்டது கைக்கு வந்துவிடும்.

வீட்டுத் திண்ணையில் ஆடினால் வரலாம். நிறுவனம் நடத்தும் மேசையில் வராது. இருவர் தலைக்கு நூறு ரூபாய் வைக்கிறார்கள், நிறுவனம் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 180 ரூபாய், அதாவது லாபம் 80. தோற்றவருக்கு நட்டம் 100. நூறு ஆட்டத்தில் ஐம்பது ஜெயித்தால் வரவு 4,000, செலவு 5,000. சரிபாதி ஜெயித்தும் ஆயிரம் ரூபாய் போய்விட்டது. நட்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மண்டியில் விலை ஏறினாலும் இறங்கினாலும் தரகு தரகருக்குப் போய்ச் சேருவதைப் போல, எவர் ஜெயித்தாலும் அந்த இருபது ரூபாய் நிறுவனத்துக்குத்தான். இதன்மேல், 2023 அக்டோபரில் கட்டும் பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தது.

சிலர் தொடர்ந்து ஜெயிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒருவர் 56-க்கு மேல் போக வேண்டுமானால் எதிரே இருப்பவர் 44-க்குக் கீழே இறங்கியாக வேண்டும். மேசைக்கு வெளியிலிருந்து பணம் வருவதில்லை. ஒரு சிலரின் லாபமும் நிறுவனத்தின் பங்கும் மற்ற எல்லோரின் நட்டத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. எல்லோரும் திறமைசாலிகளானாலும் இந்தக் கூட்டல் கழித்தல் மாறாது.

நம்பிக்கை: வரிசையாகத் தோற்றால் கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது; இல்லையென்றால் அடுத்த ஆட்டம் நமக்குத்தான்.

ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு எண்ணமும் ஒரே மனதில் குடியிருக்கின்றன. சரிபாதி வாய்ப்புள்ள நூறு ஆட்டங்களில், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்வி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 81 சதவீதம். அதற்கு ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை. எதிராளியாக மென்பொருளே ஆடலாம் என்ற தமிழ்நாடு அரசின் ஐயத்துக்குப் போதிய சான்று இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியது. ஆனால் சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறது என்பதற்கான சான்றிதழ், பணம் திரும்ப வரும் என்பதற்கான உறுதிமொழி ஆகாது. நேர்மையான மேசையிலும் மேலே போட்ட கணக்கு அப்படியே ஓடும். ஐந்து தோல்விக்குப் பிறகு ஆறாவது ஆட்டம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை. சீட்டுக் கட்டுக்குப் பழைய ஆட்டம் நினைவில் இருக்காது. விட்டதைப் பிடிக்கலாம் என்று பந்தயத்தை இரட்டிப்பாக்குவது, பிடித்தத்தையும் இரட்டிப்பாக்குவதுதான்.

நம்பிக்கை: திறமை விளையாட்டு என்றால் சட்டம் தலையிடக் கூடாது.

தமிழ்நாடு இந்த வாதத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறது. சேலம் மாவட்டத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது 2020 நவம்பரில் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இணைய விளையாட்டுகளை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் அதை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்ததை ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் வழக்கு திறமையா, அதிர்ஷ்டமா என்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டம் அந்தப் பாகுபாட்டையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தன் பணத்தில் ஆட ஒருவருக்கு உரிமை உண்டு என்ற மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் கணக்குத் தெரிந்து எடுக்கும் முடிவுக்குத்தான் உரிமை என்று பெயர். ஜெயித்தவர் முகத்தை மட்டும் காட்டி, பிடித்தத்தை மறைத்து வாங்கும் சம்மதத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சட்டம் வந்துவிட்டதால் ஆசை அடங்கிவிடாது. வேறு பெயரில், வேறு நாட்டுச் செயலியாக அழைப்பு மீண்டும் வரலாம். அப்போது பாவு ஓட்டுவதிலும் தறியிலும் வாரக் கூலி வாங்குகிறவர் தன்னிடம் கேட்க வேண்டியது, நான் நன்றாக ஆடுவேனா என்பதை அல்ல. எதிரே உட்காருபவர் யார், மேசைக்கு மேசை எவ்வளவு பிடிக்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்கட்டும். அந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காத இடத்தில் திறமையை நம்பி ஒரு ரூபாயும் வைக்கக் கூடாது.