ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா?

தேர்தல் வருகிறதென்றால் நம் அன்பர்கள் பலரிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "எங்கள் தொகுதியில் நிற்கும் அபேட்சகர் நேர்மையானவர், நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்பவர், கை சுத்தமானவர். ஆனால் அவர் நிற்கும் கட்சியை எங்களால் நம்ப முடியவில்லை. சேற்றில் முளைத்த செந்தாமரை போலிருக்கிறார். பூவுக்காகச் சேற்றில் இறங்குவதா, சேற்றுக்கு அஞ்சிப் பூவை விடுவதா?" என்பதே அக்கேள்வி.

இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஓட்டு என்பது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதை எப்படி எடை போடுவது என்பதைக் கற்றுக்கொள்வது நம் கடமை. ஆதலால் இவ்விஷயத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு, படிப்படியாக ஆராய்வோம்.

1. ஒரு சீட்டு, இரண்டு காரியம்

முதற்கண் நாம் உணர வேண்டியது யாதெனில், மலேசியாவில் நாம் பெட்டியில் போடும் பாராளுமன்றச் சீட்டு ஒன்றேயானாலும், அது செய்யும் காரியம் இரண்டு. ஒன்று, நம் தொகுதிக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றொன்று, நாட்டை ஆளப்போவது யார் என்பதையும் முடிவு செய்கிறது. பிரதமரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் ஓர் அங்கத்தினரே பிரதமராக நியமிக்கப்படுகிறார். இஃது அரசியல் சட்டத்தின் 43 ஆவது ஷரத்து. மக்களவையின் ஸ்தானங்கள் 222. பெரும்பான்மைக்கு வேண்டியவை 112.

எனவே, "நான் கட்சிக்குப் போடவில்லை, அந்த நல்ல மனிதருக்குத்தான் போட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அது பாதி உண்மைதான். எண்ணும்போது அந்தச் சீட்டு கட்சியின் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. அவ்வாறே, "ஆள் யாரானால் என்ன, நான் கட்சிக்குத்தான் போட்டேன்" என்பதும் பாதி உண்மையே. ஏன் என்பதை அடுத்துக் காண்போம்.

2. ஆளை மறந்தவர்கள் கண்ட பலன்

1994 பிப்ரவரியில் சபா மாநிலத் தேர்தல் நடந்தது. 48 ஸ்தானங்களில் சபா ஐக்கியக் கட்சி 25 ஸ்தானங்களை வென்று ஆட்சி அமைத்தது. சில வாரங்களுக்குள் அதன் அங்கத்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினர். மார்ச் மாதத்திலேயே முதலமைச்சர் பதவி விலக நேர்ந்தது. 2008 தேர்தலில் பேராக் மாநிலத்தின் 59 ஸ்தானங்களில் 31 ஸ்தானங்களை வென்ற கூட்டணி ஆட்சிக்கு வந்தது. 2009 பிப்ரவரியில் மூவர் விலகியதும் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 2018 மே மாதத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மத்திய ஆட்சியும் 2020 பிப்ரவரியில், ஒரு கட்சி முழுதாகவும் மற்றொரு கட்சியிலிருந்து சிலர் தனியாகவும் விலகியதால் வீழ்ந்தது.

இம்மூன்றிலும் மக்கள் கட்சியைப் பார்த்தே ஓட்டளித்தார்கள். ஆட்சியைக் கவிழ்க்கத் தனித்தனி ஆட்களின் மனமாற்றம் போதுமாயிருந்தது. ஆளின் குணத்தைப் பாராமல் சின்னத்தை மட்டும் பார்ப்பவர், பூட்டைப் பார்த்துவிட்டுக் கதவைப் பாராதவர் போன்றவர்.

3. கட்சியை மறந்தவர்கள் கண்ட பலன்

இனி மறுபக்கம். 1961 ஏப்ரலில் சிங்கப்பூர் ஹோங் லிம் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. மக்கள் செயல் கட்சியிலிருந்து பிரிந்த ஓங் எங் குவான் தனியாக நின்று, ஆளுங்கட்சியின் அபேட்சகரை எதிர்த்து 70 விழுக்காட்டுக்கும் மேலான ஓட்டுகள் பெற்று வென்றார். அத்தொகுதி மக்கள் ஆளையே பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1963 பொதுத்தேர்தலில் அவர் அமைத்த கட்சிக்குக் கிடைத்த ஸ்தானம் அவருடைய ஒன்றே ஒன்றுதான். 1965 இல் அதையும் அவர் துறந்தார். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி அத்தொகுதியை மீட்டுக்கொண்டது. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் இதைக் கூறவில்லை. தனிமரம் தோப்பாகாது என்பதைக் காட்டவே கூறுகிறோம். வரவுசெலவுத் திட்டத்தையோ ஒரு மசோதாவையோ ஒருவர் தனியாக நிறைவேற்ற முடியாது. கட்சியில் இருப்பவரானால், தமக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் கொறடாவின் உத்தரவுப்படி கை தூக்க வேண்டி வரும்.

1961 ஜூலையில் சிங்கப்பூர்ச் சட்டசபையில் நடந்ததையும் நோக்குக. 51 பேர் கொண்ட சபையில் அரசாங்கத்தின்மீது நம்பிக்கைத் தீர்மானம் வந்தபோது ஆதரவு 27, எதிர்ப்பு 8, நடுநிலை 16. நடுநிலை வகித்தோரில் 13 பேர் ஆளுங்கட்சியினர். ஓரிருவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருந்தால் சரித்திரமே வேறாயிருக்கும். ஒரு தொகுதியின் ஸ்தானம் சில வேளைகளில் ஒரு நாட்டின் எடையைத் தாங்குகிறது.

4. 2022 ஆம் ஆண்டுச் சட்டம்

கட்சி தாவுவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். கிளந்தான் மாநிலம் முன்னரே முயன்றது. ஆனால் அத்தகைய தடை அரசியல் சட்டத்தின் 10 ஆவது ஷரத்து அளிக்கும் சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 1992 இல் தீர்ப்பளித்தது. ஆகவே அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 5 ஆம் தேதி அமலுக்கு வந்தது. புதிய 49A ஷரத்தின்படி, ஒரு கட்சியின் பெயரில் வென்றவர் அக்கட்சியிலிருந்து விலகினாலோ, அதன் அங்கத்தினராயிருப்பது நின்றுபோனாலோ அவரது ஸ்தானம் காலியாகும். சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அவ்வாறே. ஆனால் கட்சி அவரை வெளியேற்றினால் ஸ்தானம் போகாது.

நம் கேள்விக்கு இச்சட்டம் மிகவும் தொடர்புடையது. நல்ல மனிதர் ஒருவர் கட்சியின் தீய மசோதாவை எதிர்த்து ஓட்டளித்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் இந்த ஷரத்து அவர் ஸ்தானத்தைப் பறிப்பதில்லை. கட்சியைத் துறந்து வெளியேறினால்தான் பறிக்கிறது. மனச்சாட்சிக்கு ஒரு சிறு வாசல் திறந்தே இருக்கிறது.

அந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பதை 2024 காட்டியது. ஒரு கட்சி தன் அமைப்பு விதியைத் திருத்தி, கட்டளையை மீறி எதிரணிப் பிரதமரை ஆதரிப்பவரின் அங்கத்துவம் தானாகவே நீங்கும் என்று செய்தது. அவ்வாறு ஆதரித்த அதன் ஆறு பாராளுமன்ற அங்கத்தினர்களின் ஸ்தானங்கள் காலியாகவில்லை என மக்களவைச் சபாநாயகர் முடிவு செய்தார். அவர்களுள் குவா மூசாங் தொகுதிக்காரர் கிளந்தானின் நெங்கிரி சட்டமன்றத் தொகுதிக்கும் பிரதிநிதியாயிருந்தார். மாநிலச் சபாநாயகரோ அந்த ஸ்தானம் காலி என்று அறிவித்தார். ஆகஸ்டு 17 ஆம் தேதி அங்கே இடைத்தேர்தல் நடந்தது. மனிதர் ஒருவர், செய்கை ஒன்று, தீர்ப்பு இரண்டு! ஆதலின் நல்ல அபேட்சகரின் உறுதியை மட்டுமன்றி, அவர் கட்சியின் அமைப்பு விதி அவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இச்சட்டத்துக்கு எட்டாத ஒன்றும் உண்டு. ஒரு கட்சி முழுவதுமே கூட்டணி மாறினால் இது தடுப்பதில்லை. 2022 நவம்பர் தேர்தலில் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்ட கூட்டணிகள், யாருக்கும் 112 கிடைக்காதபோது ஒன்றுசேர்ந்து ஆட்சி அமைத்ததை நாம் கண்டோம். அது நன்றா தீதா என்பதில் அபிப்பிராயங்கள் பல. ஆனால் கட்சியை நம்பிப் போட்ட ஓட்டும், போட்டவர் நினையாத இடத்துக்குப் போகலாம் என்பது மட்டும் உறுதி.

5. எந்தச் சபைக்கான சீட்டு?

நல்ல மனிதர் என்று நாம் மெச்சும் காரியம் எது? பெரும்பாலும் சாக்கடை அடைத்தால் ஆள் அனுப்புவார், தெருவிளக்கு எரியாவிட்டால் பேசுவார் என்பவையே. இவை நகராண்மைக் கழகத்தின் வேலைகள். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965 இல் நிறுத்தப்பட்டு, பின்னர் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தன. அதனால்தான் அந்தப் பாரமெல்லாம் சட்டமன்ற, பாராளுமன்ற அங்கத்தினர்மேல் ஏறியிருக்கிறது.

நிலம், வக்ஃபு, பள்ளிவாசல், ஊராட்சி ஆகியவை மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. கல்வி, குடியுரிமை, வரி, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளவை. ஆகவே மாநிலச் சீட்டில் ஆளின் அனுபவத்துக்கும் அணுகத்தக்க குணத்துக்கும் அதிக எடை தரலாம். பாராளுமன்றச் சீட்டிலோ கட்சியின் கொள்கைக்கு அதிக எடை தர வேண்டும். இரண்டு சீட்டும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டாலும் இரண்டையும் ஒரே சின்னத்துக்குப் போட வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை.

6. சிங்கப்பூர் அன்பர்களுக்கு

சிங்கப்பூரில் இக்கேள்வி வேறு உருவம் கொள்கிறது. 1988 முதல் அங்கே குழுத்தொகுதி முறை உண்டு. இன்று அத்தகைய தொகுதியில் 4 அல்லது 5 பேர் ஒரே அணியாக நிற்கிறார்கள். ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து ஓட்டளிக்க முடியாது. ஒரு நல்லவருக்காக அணி முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது ஒருவருக்காக முழுவதையும் விட வேண்டும். மேலும் அங்கே கட்சி ஒருவரை வெளியேற்றினாலும் அவர் ஸ்தானம் போய்விடும். 2012 இல் ஹௌகாங் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது இவ்வாறே. ஆகவே அங்கே கட்சியின் பிடி இன்னும் இறுக்கமானது. ஆளை எடை போடும்போதே கட்சியையும் எடை போட்டாக வேண்டும்.

7. நம் அவநம்பிக்கையை முதலில் சோதிப்போம்

கட்சியை நம்பவில்லை என்கிறோம். ஏன் நம்பவில்லை? இதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, கேள்விப்பட்டதால் வந்த அவநம்பிக்கை. யாரோ அனுப்பிய செய்தி, யாரோ சொன்ன வதந்தி. விசாரியாமல் ஒரு கூட்டத்தார்மேல் பழி சுமத்துவது நியாயமன்று. இதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, கட்சியின் மந்தத்தால் வந்தது. சொன்னதைச் செய்யவில்லை, உட்பூசல் அதிகம், நம்மை மதிக்கவில்லை என்பன போன்றவை. இத்தகைய கட்சியில் நல்லவர்கள் வெல்வது அக்கட்சியையே திருத்த உதவும். இங்கே ஆளைப் பார்த்து ஓட்டளிப்பதில் தவறில்லை என்பது நம் கருத்து.

மூன்றாவது, கட்சியின் நோக்கத்தையே கண்டு வந்தது. ஒரு சாராரின் உரிமையைப் பறிப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்சி, அல்லது பொதுப்பணத்தைச் சூறையாடியதாக நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டும் அதற்கு வருந்தாத கட்சி. இங்கே நல்ல அபேட்சகரின் நற்பெயரே அக்கட்சிக்குப் போர்வையாகிறது. அவர் தனிப்பட்ட முறையில் எவ்வளவு உத்தமராயினும், அவருடைய ஸ்தானம் 112 இல் ஒன்றாக எண்ணப்படும். அவர்மேல் உள்ள மதிப்புக் குறையாமலே, அவருக்கு ஓட்டளிக்க மறுப்பதுதான் இங்கே நேர்மை.

8. அபேட்சகரிடம் கேட்க வேண்டியவை

நல்லவர் என்பதற்கு அடையாளம் புன்னகையன்று. அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது மரியாதையுடன் இவற்றைக் கேட்கலாம். தங்கள் கட்சியின் எந்த முடிவையாவது தாங்கள் வெளிப்படையாக எதிர்த்ததுண்டா? அதனால் தங்களுக்கு நஷ்டம் ஏதும் வந்ததா? இன்ன மசோதா வந்தால் எப்படி ஓட்டளிப்பீர்கள்? தொகுதி மானியத்தின் கணக்கை மக்கள் முன் வைப்பீர்களா? நஷ்டத்தைத் தாங்கி "இல்லை" என்று ஒருமுறையேனும் சொன்னவரே கொள்கையாளர். அவ்வாறு சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வாய்க்காதவரை நல்ல மனிதர் என்று சொல்லலாம். கொள்கையாளர் என்று சொல்ல இன்னும் காலம் உண்டு.

சுயேச்சை அபேட்சகரிடம் இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும்: எவருக்கும் 112 கிடைக்காவிட்டால் யாரைப் பிரதமராக ஆதரிப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்லாத சுயேச்சைக்குப் போடும் ஓட்டு, விலாசம் எழுதாத கடிதம் போன்றது.

முடிவாக

ஆளா, கட்சியா என்ற கேள்விக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆனால் விடை காணும் வழி உண்டு. அவநம்பிக்கையின் காரணத்தைச் சோதிப்பது, எந்தச் சபைக்கான சீட்டு என்று பார்ப்பது, எதிரே நிற்பவரையும் அதே அளவுகோலால் அளப்பது, நல்லவர் தம் கட்சிக்குள் "இல்லை" என்று சொல்ல வல்லவரா என்று அறிவது: இந்நான்கையும் செய்தவர் எப்பக்கம் ஓட்டளித்தாலும் தம் கடமையைச் செய்தவரே. ஒன்றையும் செய்யாமல், இரண்டுமே சரியில்லை என்று வீட்டில் இருந்துவிடுபவர் தம் பங்கைப் பிறர் கையில் கொடுத்துவிடுகிறார். அதிலிருந்து தோன்றும் ஆட்சி அவரையும் சேர்த்துத்தான் ஆளும்.

ஒரே வீட்டில் தகப்பனார் ஒரு பக்கமும் மகன் மறுபக்கமும் ஓட்டளிக்க நேரலாம். 2021 டிசம்பர் முதல் மலேசியாவில் 18 வயது நிரம்பியோருக்கும் ஓட்டுரிமை உண்டாகையால் இது இனி அடிக்கடி நிகழும். இருவரும் நியாயமாக எடை போட்டிருந்தால் அதில் பகை வேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்கு:

1. நம் தொகுதிப் பிரதிநிதியிடம் நாம் கேட்கும் காரியங்களில் எவை நகராண்மைக் கழகத்துக்கும், எவை மாநிலத்துக்கும், எவை மத்திய அரசாங்கத்துக்கும் உரியவை?

2. நாம் நம்பாத கட்சி எது? அந்த அவநம்பிக்கை மேற்சொன்ன மூன்று வகையில் எவ்வகை?

3. வெளியேற்றப்பட்டவரின் ஸ்தானம் மலேசியாவில் நிலைக்கிறது, சிங்கப்பூரில் நீங்குகிறது. இவற்றுள் ஓட்டாளருக்கு நன்மை தருவது எது?